குங்கிலியம் பூசிய மாவுக்கட்டு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் பெயரைப் பார்க்கும்போது, வேறு யாருக்கோ போட்ட நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது போலக் கூச்சமாக இருக்கிறது. இந்த வாரம் கூச்சம் இன்னும் அதிகம், ஏனென்றால் என் முதுகைப் பற்றி எழுதப் போகிறேன். ஒரு பொம்பளை தன் முதுகெலும்பை ஊருக்கெல்லாம் சொல்வதா என்று யாராவது முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நடந்த பெரிய அதிசயம் அதுதான். வேறு எதையும் இவ்வளவு சந்தோஷமாக எனக்குச் சொல்ல வராது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. கட்டுப் பிரிக்கும் அறை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு முடிய என்னைச் சுற்றி மாவுக்கட்டு. கட்டுப் பிரிக்கிறவர் நரைத்த மீசைக்காரர். பெரிய கத்திரியோடு வந்தார். கட்டைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் தொட்டார்.

மாவுக்கட்டு என்றால் வெள்ளையாக இருக்கும். என்னுடையது கருப்பட்டி நிறத்தில் மினுமினுத்தது.

"என்னம்மா இது, மரமா?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் சந்தியாகு தொண்டையைச் செருமினார். "குங்கிலியங்கய்யா. சுறா எண்ணெய்ல காச்சி ரெண்டு பூச்சு விட்டுருக்கேன்."

மீசைக்காரர் விரலைத் துடைத்துக்கொண்டார். கத்திரியை மேசையில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

அந்தக் கட்டுக்குள்ளே, என் முதுகின் அடியில், எலும்பு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். ஒட்டியிருந்தால் நான் எல்லோரையும் போல நடக்கலாம். ஒட்டாவிட்டால் இடது கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

மணலில் ஒரு கோடு

இது அறுபத்து நாலாம் வருஷப் புயலுக்கு முந்திய கதை. தனுஷ்கோடி இருந்தது. கப்பலுக்குப் போகிற ரயில் பாம்பனைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகித் தங்கச்சிமடத்துக்கு வந்தபோது எனக்குக் குடம் தூக்குவதும் கருவாட்டுக் கூடை சுமப்பதும் விளையாட்டு. ராமேஸ்வரம் வரை கூடையோடு நடந்து போய், விற்றுவிட்டு, வழியில் ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவேன். பிறகு ஒரு நாள் குனிந்தவள் நிமிர முடியவில்லை. வாயு என்றார்கள். சுளுக்கு என்றார்கள். பாம்பனில் ஒருவர் நரம்பு தட்டினார். மாமியார் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். வலி போகவில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கியது.

ஒழுங்காக நடக்கிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தவர் சந்தியாகு. ஒரு காலையில் மீன்பிடி வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வந்தவர், நான் கடற்கரையில் நடந்த தடத்தைப் பார்த்திருக்கிறார். வலது பாதம் பதிந்திருந்தது. இடது பக்கம் பாதமே இல்லை. பெருவிரல் இழுத்த ஒரு கோடு மட்டும். தடத்தைப் பிடித்துக்கொண்டே வீடு வரை வந்தவர் மாமியாரிடம் சொன்னது எனக்கு அடுப்படியில் கேட்டது.

"ஆத்தா, இவ ஒத்தக் கால்ல நடக்குறா. நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அன்றைக்கு மாமியார் சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு பெஞ்சுக்கு நடுவே தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே போனேன். ஏறுகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

மூன்று தீப்பெட்டி

எங்களுக்கு வாய்த்த டாக்டருக்குச் சின்ன வயது. வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பேச ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். பேச்சு முடியும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார்.

எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். எனக்குப் புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. அதைப் புரிந்துகொண்டவராக, மேசையில் மூன்று தீப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். மேலே இருந்த இரண்டையும் விரலால் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அடிப்பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதும்மா உங்க வியாதி. ஒரு கணு நழுவி முன்னால வந்திருச்சு. கூடவே மேல இருக்கிறதும் வந்திருச்சு. நடுவுல போற நரம்பு நசுங்குது. அதான் கால்."

வாயுவும் இல்லை, சுளுக்கும் இல்லை, யாரும் வைத்த வினையும் இல்லை. மூன்று தீப்பெட்டி. எனக்கு அழுகை வருவதற்குப் பதில் ஒரு மாதிரித் தெம்பு வந்தது. கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா?

நழுவிய கணுவையும் அடியில் இருப்பதையும் ஒரே எலும்பாக ஒட்ட வைக்க வேண்டும் என்றார். என் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து, தீக்குச்சி தீக்குச்சியாகச் சீவி, அங்கே வைப்பார்களாம். மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சீவல்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து, பாலம் போல ஆகிவிடுமாம்.

சந்தியாகுவால் ஆணி இல்லாமல் பலகை சேரும் என்பதை நம்ப முடியவில்லை. ஓர் ஆணிகூட அடிக்க மாட்டீர்களா என்று கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். வெளிநாட்டில் திருகாணி போட்டுப் பார்த்திருக்கிறார்கள்; எலும்பு ஒட்டுவதற்கு முன்னால் ஆணி முறிந்துவிடுகிறது; அதற்குத் தோதான ஆணியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னார். பிறகு கண்ணாடியை வேகமாகத் துடைத்துக்கொண்டு புதுச் சங்கதிக்கு வந்தார்.

இத்தனை காலமும் சீவல்களை முதுகின் நடுவில், தொட்டால் முள் முள்ளாகத் தெரிகிற இடத்தில்தான் வைத்தார்களாம். பல பேருக்கு ஒட்டாமல் போனது. இப்போது, கணுவுக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி இருக்கிற எலும்பின் மேல் வைக்கிறார்கள். அங்கே சதை அதிகம், ரத்தம் அதிகம், ஒட்டுவதும் அதிகம். அது மட்டுமில்லை. பழைய முறையில் ஆறு மாதம் அசையாமல் படுக்கை. புது முறையில் தையல் பிரித்ததும் மாவுக்கட்டுப் போட்டு எழுப்பி நடக்க விடலாம்.

அந்த ஆஸ்பத்திரியில் அதை அவர் சிலருக்குத்தான் செய்திருந்தார். அதையும் மறைக்கவில்லை. அங்கே இருந்த பெரிய டாக்டருக்கு இதில் சம்மதமில்லை என்றும், நடக்கவிட்டால் ஒட்டாது என்பது அவர் எண்ணம் என்றும் அவரே சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் சந்தியாகு கேட்டார். "ஏ புள்ள, ஒனக்கு எது வேணும்?"

என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. "புதுசு" என்றேன். இப்போது நினைத்தாலும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் கருப்பாயி என்று ஒரு அக்கா. பரமக்குடிப் பக்கம் ஏதோ கிராமம். நாற்று நட்டே நழுவிய கணு. அவருக்குப் பெரிய டாக்டர் பழைய முறையில் ஆபரேஷன் செய்து மாதக்கணக்காகிறது. மல்லாந்து படுத்தபடியே அந்த வார்டை ஆண்டுகொண்டிருந்தார். யார் வீட்டுச் சோற்றில் உப்பில்லை, எந்த நர்ஸுக்கு எப்போது கல்யாணம், எல்லாம் அவருக்குத் தெரியும்.

எனக்கு ஆபரேஷன் முடிந்து, தையலும் பிரித்து, மாவுக்கட்டும் போட்டாயிற்று. கட்டு காய்ந்ததும் ஒரு காலையில் டாக்டரே வந்து எழுந்திருக்கச் சொன்னார். நான் முழித்தேன்.

"ஏந்திரித்தா" என்றார் கருப்பாயி அக்கா, மேற்கூரையைப் பார்த்தபடி. "நான் ஒத்தப் பல்லியவே எம்புட்டு நாளைக்குப் பாக்குறது? நீயாவது நடந்து காட்டு, பாப்போம்."

இரண்டு நர்ஸுகள் பிடித்துக்கொள்ள எழுந்து நின்றேன். தலை சுற்றியது. பிறகு இடது பாதம் தரையில் பட்டது. சிமெண்டுத் தரை ஜில்லென்றிருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இடது காலில் ஜில்லென்று ஒன்று தெரிகிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னம்மா, என்னம்மா என்று டாக்டர் பதறினார். தரை குளிருது சார் என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

எதிர்க் கட்டில்வரை போய்த் திரும்பினேன். கருப்பாயி அக்கா தலையைத் திருப்பி என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சந்தியாகுவிடம் இரண்டு சொன்னார். குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்பது ஒன்று. மாவுக்கட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கக்கூடாது என்பது இன்னொன்று. தண்ணீர் பட்டால் கட்டு இளகும், இளகினால் எலும்பு அசையும், அசைந்தால் எல்லாம் வீண்.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. எங்கள் வீடு ஓலை வீடு. ஓலை மாற்ற வேண்டிய வருஷம். ஏழெட்டு இடத்தில் சட்டி வைத்திருந்தோம். சந்தியாகு மழையைப் பார்ப்பார், என் கட்டைப் பார்ப்பார், மறுபடி மழையைப் பார்ப்பார்.

தண்ணீர் இறங்கக்கூடாது என்று சொன்னால், வள்ளம் வைத்திருக்கிறவருக்கு அதற்கு ஒரு வழிதான் தெரியும். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார்கள். கலப்பற்று என்பார்கள். அதற்கு மேல் கடலே வந்து மோதினாலும் உள்ளே சொட்டு வராது.

மழை விட்ட நேரம் பார்த்து, சந்தியாகு முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டிச் சட்டியை வைத்தார். கொதித்து இறக்கியதும் எனக்குப் பூசவில்லை. தன் முன்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். ஆறட்டும் என்று உட்கார்ந்தார். மறுபடி விட்டுப் பார்த்தார். அப்படியே முன்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிட்டது.

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவில் மாமியார் சேலையைக் கட்டி மறைத்தார். சந்தியாகு கட்டின் மேல் விளிம்பில் பஞ்சை ஒற்றி ஒற்றித் திணித்துவிட்டு, பனைநார்த் தூரிகையால் மேலிருந்து கீழாகப் பூசினார். நான் கூச்சம் தாங்காமல் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன்.

"அசையாத. பூசுறப்ப வள்ளம் பேசுமா?" என்றார்.

"பேசுற வள்ளத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றார் மாமியார், சேலைக்கு அந்தப் பக்கமிருந்து.

பூச்சு காய்ந்ததும், சொட்டு இறங்குகிறதா என்று என் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கவும் சந்தியாகு தயார். மாமியார்தான் செம்பைப் பிடுங்கி வைத்தார்.

ஊரே தட்டிப் பார்த்தது

என் எலும்பு ஊர்ப் பொதுவாகிவிட்டது. பூசை முடிந்து வருகிற பெண்கள் எல்லாம் எங்கள் வீட்டு வழியாக வந்தார்கள். வள்ளத்தின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பது போல என் முதுகைத் தட்டிப் பார்த்தார்கள். சத்தம் கெட்டியாகிவிட்டது என்றாள் ஒருத்தி. இன்னும் பொள்ளலாகத்தான் கேட்கிறது என்றாள் இன்னொருத்தி. இடுப்பிலிருந்து எடுத்த இடத்தில் பள்ளம் இருக்குமா என்ற சந்தேகம் ஒரு வாரம் ஓடியது. பங்குச் சாமியார்கூட ஜெபம் சொல்லிவிட்டுப் போகும்போது, ஒட்டிவிட்டதா என்று தயங்கிக் கேட்டார்.

எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மதுரையில் ஒருவர், அதற்கப்பால் எங்கேயோ பெயர் தெரியாத தேசங்களில் எத்தனையோ பேர், இந்த ஒரு சாண் எலும்பைப் பற்றி யோசித்து யோசித்து, இங்கே வைத்தால் ஒட்டவில்லையே, அங்கே வைத்துப் பார்ப்போமே என்று மெனக்கெட்டிருக்கிறார்கள். அது வந்து சேர்ந்திருப்பது தங்கச்சிமடத்தில் கருவாடு விற்கிறவள் முதுகில். படுத்துக்கொண்டு இதையே நினைப்பேன். உள்ளே தீக்குச்சிகள் வளர்கிற சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன்.

ஆனால் அரிப்பு. வேர்வை வெளியே போக வழியில்லை. தென்னை ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிவேன். சுறா எண்ணெய் வாடைக்கு எறும்பு வந்தது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் மேல் சுட்டுக் காய்ச்சல் கண்டது. கட்டுக்குள்ளிருந்து வேறொரு வாடையும் வந்தது. சந்தியாகு முகம் கறுத்துவிட்டது. குறித்த நாளுக்கு முன்னாலேயே ரயில் ஏறினோம்.

மறுபடி அந்த அறை

டாக்டர் ஓடிவந்தார். கட்டைப் பார்த்தார். முகர்ந்தார். என் நெற்றியைத் தொட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"யார் செஞ்சது?"

"நான்தாங்க" என்றார் சந்தியாகு. "தண்ணி எறங்கக்கூடாதுன்னு நீங்கதான..."

"வேர்வை வெளிய வரணுமேய்யா. உள்ள தோல் அழுகி, சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்தா என்ன செய்வேன்? வச்சதெல்லாம் போயிரும். இது முதுகுய்யா, வள்ளமில்ல."

சந்தியாகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்கையில் அந்தப் புள்ளித் தழும்புகள் இன்னும் இருந்தன. டாக்டர் அதைப் பார்த்தார். அதற்குமேல் திட்டவில்லை.

கத்திரி இறங்கவில்லை. ரம்பம் கொண்டுவந்தார்கள். குங்கிலியம் சூடாகி ரம்பப் பல்லில் அப்பிக்கொண்டது. மீசைக்காரர் பல்லைச் சுரண்டுவார், கொஞ்சம் அறுப்பார், மறுபடி சுரண்டுவார். அறை முழுக்க எங்கள் ஊர்க் கரை வாடை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலையை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அருள் நிறைந்த மரியே வரை போகும், அதற்கு மேல் மறந்துவிடும்.

கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. காற்று பட்டது. டாக்டர் குனிந்து விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தோல்தான் வெந்திருக்கிறது என்றார். ஓரத்தில் ஒரு கொப்புளம் பழுத்திருக்கிறது. தையல் போட்ட இடம் சுத்தமாக இருக்கிறது. சந்தியாகு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

படம் எடுத்தார்கள். காத்திருந்தோம். டாக்டர் படம் காயக்கூட விடவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்கம்மா. இந்தப் பக்கம். இந்தப் பக்கமும்."

இந்தத் தடவை எனக்குப் புகைமூட்டமாகத் தெரியவில்லை. கணுவின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே வெள்ளையாக ஒரு பட்டை. தீக்குச்சி எதுவும் தனித்தனியாக இல்லை. எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. சந்தியாகு ஈரப் படத்தில் விரலை வைத்து அந்தப் பட்டையை மேலிருந்து கீழாகத் தடவினார். டாக்டர் தடுக்கவில்லை.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். என் முதுகைக் காட்டிக் காட்டி டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். உள்ளே குதியாட்டமாக இருந்தது.

அப்போது பெரிய டாக்டர் வந்தார். கூட்டம் விலகியது. அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். என்னை நடக்கச் சொன்னார். வராந்தாவின் கோடி வரை நடந்து திரும்பினேன். இடது பாதம் முழுசாகப் பதிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பாதத்தைத்தான் பார்த்தார்.

கருப்பாயி அக்கா இன்னும் அதே கட்டிலில் இருந்தார். அவருக்கு ஒட்டவில்லை. அந்த வாரம்தான் அது தெரிந்திருந்தது. ஆறு மாதம் படுத்தும் ஒட்டவில்லை. வார்டில் அவர் சத்தமே இல்லை என்று நர்ஸ் சொன்னார்.

பெரிய டாக்டர் படத்தோடு நேரே அந்தக் கட்டிலுக்குப் போனார். எங்கள் டாக்டர் பின்னால் போனார். நாங்களும் போனோம். பெரியவர் கருப்பாயி அக்காவிடம் படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளைக்குச் செய்தது போலவே உனக்கும் பக்கவாட்டில் வைத்து மறுபடி செய்யலாம், இவரே செய்வார் என்று சொன்னார். சொல்லிவிட்டுப் படத்தை இளையவர் கையில் கொடுத்தார். இளையவர் கண்ணாடியைக் கழற்றியவர், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

கருப்பாயி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"செய்ங்க சாமி" என்றார். "ஆனா இவளுக்கு அடிச்ச கப்பல் பூச்சு மட்டும் எனக்கு வேணாம். கட்டில்ல படுத்துருக்கவளக் கடல்ல எறக்கிவிட்டுட்டுப் போயிருவாக."

வார்டே சிரித்தது. பெரிய டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு, கடற்கரை ஊர்க்காரர்கள் யாருக்கு மாவுக்கட்டுப் போட்டாலும், குங்கிலியம் பூசாதே என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லித்தான் அனுப்பினார்களாம்.

இப்போதெல்லாம் நல்ல ஆணி கண்டுபிடித்துவிட்டார்கள், சீக்கிரமே உட்கார வைத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்றைக்கே கொப்புளத்துக்கு மருந்து கட்டிவிட்டார்கள், காய்ச்சலும் இறங்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலேயே பூசை கண்டுவிட்டு மத்தியான ரயிலில் ஏறினோம். மானாமதுரையில் சந்தியாகு வடை வாங்கி வந்தார். பாம்பன் பாலம் வரும்வரை ஜன்னலோரமாக உட்கார்ந்தே வந்தேன்.